உப்பு விளைவிக்கிறவன் உப்பைப் பத்தி எழுதக் கூடாதா?

கொஞ்ச நாளா ஒரு விஷயம் மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருக்கு. எழுதித் தீர்த்துடலாம்னு உட்கார்ந்துட்டேன். பதிவு கொஞ்சம் நீளம்தான், டீயோ காபியோ கையில எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

எங்க பெரியப்பாவுக்கு 72 வயசு. தூத்துக்குடி பக்கம் உப்பளம் வெச்சிருக்கார். அவங்க அப்பா காலத்துலேர்ந்து அதே தொழில். போன வருஷம் பேரன் ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுக்க, மனுஷன் ராத்திரி ஒரு மணி வரைக்கும் எதையாவது வாசிச்சுக்கிட்டே இருக்கார். அப்படி வாசிக்கிறப்போ ஒரு இணையக் கலைக்களஞ்சியத்துல (எதுன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்) உப்பளம் பத்தின கட்டுரை கண்ணுல பட்டிருக்கு. கடல்நீரைப் பாத்தியில் தேக்கி, வெயிலில் முழுவதும் வற்றவிட்டால் உப்பு கிடைக்கும்னு அதுல எழுதியிருக்கு.

காலையில ஆறு மணிக்கு எனக்குப் போன்.

"ஏல, முழுசா வத்தவிட்டா அது உப்பா இருக்காதுல. பேதி மருந்தால்லா இருக்கும்!"

அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லீங்க. கடல் தண்ணியில நாம சாப்பிடுற உப்பு மட்டும் இல்ல. தண்ணி சுண்டச் சுண்ட முதல்ல ஜிப்சம் படியும். போமே மானியில 25 டிகிரி வந்ததுக்கு அப்புறம்தான் நல்ல உப்பு இறங்க ஆரம்பிக்கும். 30-ஐத் தொடுறதுக்கு முன்னாடி மிச்சம் இருக்கிற கசப்புத் தண்ணியை வெளியேத்திடணும். விட்டா மக்னீசியம் உப்புகளும் சேர்ந்து இறங்கி, உப்பு கசக்கும், மழைக்காலத்துல ஜாடிக்குள்ள ஒழுகி நிக்கும். அந்த மக்னீசியம் உப்புகள்ல ஒண்ணுதான் மருந்துக்கடையில வயிறு சுத்தம் பண்ண விக்கிற எப்சம் உப்பு.

"நீங்களே திருத்திடுங்க பெரியப்பா, யார் வேணும்னாலும் திருத்தலாம்"னு நாந்தான் உசுப்பேத்தி விட்டேன். பாவம், அவர் முறையா கணக்குத் தொடங்கி, சொந்தப் பேரைக் கொடுத்து, பயனர் பக்கத்துல "உப்பள உரிமையாளர், 50 வருட அனுபவம்"னு எழுதிட்டு, கட்டுரையில நாலு வாக்கியம் சேர்த்தார். மூணு வாக்கியம் மேலே நான் சொன்ன விவரம். நாலாவது வாக்கியம்: "இந்தியாவிலேயே தரமான உப்பு தூத்துக்குடி உப்புதான்." :-)

இருபது நிமிஷத்துல நாலும் காலி. காரணம்னு ஒரு வரி: நலமுரண், தொழில் சார்ந்தவர் தன் தொழில் பற்றிய கட்டுரையைத் தொகுக்க வேண்டாம், ஆதாரமும் இல்லை.

நலமுரண். நல்ல சொல்தான். நமக்கு வர்ற ஆதாயமும் நாம செய்யவேண்டிய கடமையும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிற நிலைமைன்னு அர்த்தம். பெரியப்பா அதைக் கேட்டுட்டு, "அவன் யார்ல? அவன் வீட்டுல உப்பு போட்டுத் திங்க மாட்டானா?"ன்னார். என்கிட்ட பதில் இல்ல.

இதை நம்ம நண்பர் ஒருத்தர்கிட்ட சொன்னேன். ரொம்ப வருஷமா இந்த மாதிரி கலைக்களஞ்சியங்கள்ல சளைக்காம உழைக்கிறவர், அவர் மேல எனக்கு மரியாதை உண்டு. அவர் சொன்னது: "நீக்கினது சரிதான். தன் வழக்குல தானே நீதிபதியா உட்காரக் கூடாது. டாக்டர் நோயைப் பத்தி எழுத வேண்டாம், வக்கீல் சட்டத்தைப் பத்தி எழுத வேண்டாம், மூணாவது மனுஷன் புத்தகத்தைப் பார்த்து எழுதட்டும். அதுதான் நடுநிலை."

இந்த இடத்துலதான் எனக்கும் அவருக்கும் முட்டிக்கிச்சு.

முதல்ல ஒண்ணு. அவர் சொல்ற மாதிரி ஒரு விதி விக்கிபீடியாவுலேயே கிடையாது. ஆங்கில விக்கிபீடியாவோட நலமுரண் வழிகாட்டியை எடுத்துப் பாருங்க. உங்களைப் பத்தி, உங்க குடும்பத்தைப் பத்தி, உங்க முதலாளி, வாடிக்கையாளர், உங்க கம்பெனியைப் பத்தி எழுதறதைத்தான் அது நலமுரண்ங்குது. ஒரு துறை தெரியும்ங்கிறது மட்டும் நலமுரண் ஆகாதுன்னு அங்க தெளிவாவே இருக்கு. அளவோட இருந்தா, தான் எழுதி வெளியிட்ட ஆய்வையே மேற்கோள் காட்டலாம்னும் இருக்கு. டாக்டர் சர்க்கரை வியாதியைப் பத்தி எழுதலாம், தன் ஆஸ்பத்திரியைப் பத்தி எழுதினாத்தான் வம்பு. பெரியப்பா உப்பு எப்படி விளையுதுன்னு எழுதலாம், தன் உப்புதான் ஒசத்தின்னு எழுதக் கூடாது. கோடு அவ்வளவு தெளிவா இருக்கு. ஆனா நடைமுறையில இந்த ரெண்டையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டிடறாங்க.

நீதிபதி உதாரணமும் பொருந்தாது. எழுத வர்ற நிபுணர் நீதிபதி இல்ல, சாட்சி. தீர்ப்பு சொல்ல மத்த தொகுப்பாளர்கள் இருக்காங்க, உரையாடல் பக்கம் இருக்கு, ஒவ்வொரு மாத்தமும் வரலாற்றுல பதிவாகி இருக்கு. நம்ம ஊர் கோர்ட்டுலயே கொலையானவரோட சொந்தத் தம்பி சாட்சி சொல்ல வந்தா, "நீ ஆர்வமுள்ள சாட்சி, வெளியே போ"ன்னு சொல்றதில்ல. அவர் சாட்சியத்தைக் கூடுதல் கவனத்தோட பரிசீலிக்கணும், உறவுக்காரர்ங்கிற ஒரே காரணத்துக்காகத் தூக்கிப் போடக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றமே பல தடவை சொல்லியிருக்கு. கொலை கேசுல இருக்கிற நிதானம் ஒரு உப்புக் கட்டுரைக்கு இருக்கக் கூடாதா?

சரி, பெரிய மேட்டருக்கு வருவோம். இந்தக் குழப்பத்தோட விலை என்னன்னு ஒரு கதை சொல்றேன்.

அமெரிக்காவுல பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்துல திமோதி மெஸ்ஸர்-குரூஸ்னு ஒரு வரலாற்றுப் பேராசிரியர். 1886 மே 4-ஆம் தேதி சிகாகோ ஹேமார்க்கெட்ல தொழிலாளர் கூட்டத்துல குண்டு வெடிச்சது, எட்டு பேர் மேல வழக்கு நடந்தது, 1887-ல நாலு பேரைத் தூக்குல போட்டாங்க. மே தினத்துக்கு மேடை போடற நம்ம தோழர்களுக்கு இது மனப்பாடம். இந்த மனுஷன் அந்த வழக்கு ஆவணங்களை வருஷக்கணக்கா தோண்டினவர். விக்கிபீடியா கட்டுரையில, குற்றம் சாட்டப்பட்டவர்களைக் குண்டோட இணைக்கிற எந்தச் சாட்சியமும் அரசுத் தரப்பு தரலைன்னு இருந்தது. தீர்ப்பு நியாயமா இல்லையாங்கிறது வேற பேச்சு. ஆனா சாட்சியமே தரலைங்கிறது தப்பு, வாரக்கணக்கா சாட்சிகள் வந்து பேசியிருக்காங்க, அந்த வாக்குமூலங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தோட தளத்துலேயே கிடக்கு. அவர் அதை ஆதாரமா காட்டித் திருத்தினார். நிமிஷத்துல மீளமைச்சுட்டாங்க. மூல ஆவணம் செல்லாது, அதை வெச்சு வேற ஒருத்தர் எழுதின புத்தகம் வேணும்னாங்க. சரின்னு காத்திருந்தார். 2011-ல அவரோட புத்தகமே வெளிவந்துச்சு. அதைக் காட்டி மறுபடியும் திருத்தினார். மறுபடியும் நீக்கம்! பெரும்பான்மை வரலாற்றாசிரியர்கள் சொல்றதுக்குத்தான் இடம், ஒத்தை ஆளோட புத்தகத்துக்கு இவ்வளவு இடம் கொடுக்க முடியாதுன்னாங்க. 2012 பிப்ரவரியில அவர் இதை ஒரு கட்டுரையா எழுதி, அது பெரிய சத்தத்தைக் கிளப்பிச்சு. இப்போ அந்தப் பக்கத்துல அவர் ஆய்வுக்கும் இடம் இருக்கு.

என் நண்பர் இதுக்கும் ஒரு பதில் வெச்சிருந்தார்: "தன் புத்தகத்தைத் தானே கொண்டுவந்து சேர்த்தா அது சுயவிளம்பரம் இல்லையா?" ஏங்க, அந்த ஆவணக் கட்டுகளைப் புரட்டினவர் அவர். வேற யார் புத்தகத்தைக் கொண்டுவருவார்? புத்தகம் இல்லைன்னா "ஆதாரம் எங்கே", புத்தகம் இருந்தா "அது உன் புத்தகம்". ஆடு தாண்டுற கட்டையை ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் உசத்திக்கிட்டே போனா எப்படி?

ஆனா அவங்க பக்க நியாயத்தையும் சொல்லணும். ஒருத்தர் புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சேன்னு வந்தவுடனே கட்டுரையைத் தலைகீழா மாத்தறது கலைக்களஞ்சியத்தோட வேலை இல்ல. மத்த வரலாற்றாசிரியர்கள் அதைப் படிச்சுச் சண்டை போட்டு ஓரளவு முடிவுக்கு வரட்டும்னு காத்திருக்கிறது நல்ல பழக்கம்தான். என் கோபம் காத்திருந்ததுல இல்ல. "சாட்சியமே தரலை"ன்னு அப்பட்டமா தப்பா இருந்த ஒரு வாக்கியத்தை அத்தனை நாள் காப்பாத்தினதுல இருக்கு.

இதுக்கு நேர் எதிரா, நலமுரண் நிஜமாவே இருந்த கதை ஒண்ணு. 2007 ஜனவரி. மைக்ரோசாஃப்ட் தன்னோட ஆஃபீஸ் கோப்பு வடிவமான ஓஓஎக்ஸ்எம்எல்லை ஐஎஸ்ஓ தரமாக்க ஓடிக்கிட்டிருந்த நேரம். எதிர்ப்பக்கம் ஓடிஎஃப். அது 2006-லேயே ஐஎஸ்ஓ தரம் ஆயிடுச்சு, ஐபிஎம் அந்தப் பக்கம் நின்னுது. கட்டற்ற மென்பொருள் பேசற நம்ம ஆளுங்க அப்போ மைக்ரோசாஃப்டைத் திட்டித் தீர்த்தது ஞாபகம் இருக்கும் (நானும்தான்). ஓஓஎக்ஸ்எம்எல் விவரக்குறிப்பு மட்டும் சுமார் 6,000 பக்கம். அதைப் பத்தின விக்கிபீடியா கட்டுரையில தப்புகள் இருக்கு, எதிரணி ஆளுங்க எழுதினதுன்னு மைக்ரோசாஃப்டுக்குக் கடுப்பு. ஆஸ்திரேலியாவுல ரிக் ஜெல்லிஃப்னு ஒரு எக்ஸ்எம்எல் நிபுணர், ஸ்கீமட்ரான் உருவாக்கினவர். அவர்கிட்ட, காசு தர்றோம், தப்பு இருக்கிற இடத்தைத் திருத்துங்க, எழுதறதை எங்ககிட்ட காட்ட வேண்டாம்னு கேட்டாங்க.

ஜெல்லிஃப் என்ன பண்ணினார்? ஒரு பைசா கைமாறறதுக்கு முன்னாடியே தன் வலைப்பதிவுல ஊரறிய எழுதிட்டார். அவ்வளவுதான், ஊரே கொந்தளிச்சுது. ஜிம்மி வேல்ஸ் ஏமாற்றம் தெரிவிச்சார். மைக்ரோசாஃப்ட் தன் தரப்பை ஒரு வெள்ளையறிக்கையா வெளியில போட்டு, உரையாடல் பக்கத்துல சுட்டி கொடுத்திருக்கணும்னார்.

வேல்ஸ் சொன்னது சரின்னுதான் நான் நினைக்கிறேன். காசு வந்துட்டா கட்டுரையில கை வைக்காதே, உரையாடல் பக்கத்துல பேசு. ஆனா கவனிங்க, அங்க முரணா இருந்தது ஜெல்லிஃபோட அறிவு இல்ல, மைக்ரோசாஃப்டோட செக். எக்ஸ்எம்எல் தெரிஞ்சவரா இருந்தது அவரோட தகுதி. அந்தக் காசை எடுத்துட்டுப் பார்த்தா அந்தக் கட்டுரையை எழுத அவரை விட்டா ஆள் கிடைக்காது. ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருந்ததால ரெண்டும் ஒண்ணுன்னு ஆயிடாது.

(ஏமாற்றம் தெரிவிச்ச வேல்ஸ், 2005-ல தன்னைப் பத்தின கட்டுரையைத் தானே பல தடவை திருத்தி, லாரி சாங்கரை இணை நிறுவனர்னு சொல்ற இடத்தையெல்லாம் மாத்தி மாட்டிக்கிட்டார்ங்கிறது தனிக் கதை. பிறகு வருத்தமும் தெரிவிச்சார். ஊருக்கு உபதேசம்!)

இப்போ என் முக்கியமான குறைக்கு வர்றேன். "துறை ஆளு எழுதாதே"ங்கிற இந்த விதி யாரைப் பிடிக்குது? சொந்தப் பேர்ல வந்து, நான் இன்ன தொழில் பண்றேன்னு நேர்மையா சொல்றவரைப் பிடிக்குது. பேரை மறைச்சு, நூறு கணக்கு வெச்சுக்கிட்டு, காசு வாங்கி எழுதறவனைப் பிடிக்கிறதில்ல. அவன் பயனர் பக்கத்துல "எனக்குப் பூனை பிடிக்கும்"னு எழுதியிருப்பான், யாருக்குத் தெரியும்? 2013-ல விக்கி-பிஆர்ங்கிற கம்பெனி விவகாரம் வெடிச்சப்போ 250-க்கும் மேல கணக்குகளை முடக்கினாங்க. 2015-ல ஆரஞ்ச்மூடின்னு இன்னொரு கும்பல், 381 கணக்கு. அவங்க செஞ்சது இன்னும் மோசம். சின்ன வியாபாரிகள், வளர்ந்துவர்ற கலைஞர்கள் எழுதி நிராகரிக்கப்பட்ட கட்டுரைகளைத் தேடிப் பிடிச்சு, காசு கொடுத்தா ஏத்தித் தர்றோம்னு பேரம், ஏத்தின பிறகு அது நீக்கப்படாம பாத்துக்க மாசாமாசம் மாமூல். நம்ம ஊர் நடைபாதைக் கடைக்காரன்கிட்ட வசூல் பண்ற அதே டெக்னிக்.

இதுக்கு நடுவுல, 2014 ஜூன்ல விக்கிமீடியா அறக்கட்டளை தன் பயன்பாட்டு விதிமுறையிலேயே ஒண்ணு சேர்த்துச்சு: காசு வாங்கி எழுதினா யார் கொடுக்கிறாங்கன்னு வெளிப்படையா சொல்லியாகணும். எனக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும். ஏன்னா அது கேக்கிற கேள்வி சரியான கேள்வி. "உனக்கு என்ன தெரியும்"னு கேக்கலை, "உனக்கு யார் படியளக்கிறா"ன்னு கேக்குது.

அதுக்காக நிபுணர்னு சொல்லிக்கிட்டு வர்றவங்களுக்கெல்லாம் சிவப்புக் கம்பளம் விரிக்கச் சொல்லலை. 2007-ல எஸ்ஜேங்கிற பயனர் கதை தெரியுமில்ல? இறையியல் பேராசிரியர்னு சொல்லிக்கிட்டு நிர்வாகியா உயர்ந்து, நியூயார்க்கர் பத்திரிகையிலேயே பேராசிரியரா இடம்பிடிச்சு, கடைசியில பார்த்தா 24 வயசுப் பையன், சொன்ன பட்டம் எதுவும் இல்ல. தன் விவாதங்கள்ல ஜெயிக்க அந்த இல்லாத பட்டத்தை வேற பயன்படுத்தியிருக்கார். ஆக, "நான் சொல்றேன், கேட்டுக்கோ"ங்கிறது யார் சொன்னாலும் செல்லாது. பெரியப்பாவே சொன்னாலும் 25 டிகிரிக்கு ஒரு ஆதாரம் வேணும்தான். அதை நான் மறுக்கலை.

நிஜ நிபுணர்களும் சண்டைக்குப் போனா சாமானியமா வர்றதில்ல. வில்லியம் கானலி, பிரிட்டிஷ் அண்டார்டிக் சர்வேயில காலநிலை மாதிரிகளோட மல்லுக்கட்டின விஞ்ஞானி. புவி வெப்பமடைதல் கட்டுரைகள்ல சந்தேகவாதிகளோட ஓயாத சண்டை. 2005-ல நடுவர் குழு அவருக்கு, ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் மீளமைக்கலாம்னு கட்டுப்பாடு போட்டுச்சு, பிறகு அதை எடுத்துட்டாங்க. 2010-ல அந்தத் தலைப்புலேயே தொகுக்கக் கூடாதுன்னு ரெண்டு பக்கத்து ஆளுங்க சில பேரோட சேர்த்து அவரையும் நிறுத்திட்டாங்க. நடத்தைக்காகத் தண்டிச்சா அது நியாயமா இருக்கலாம். காலநிலை விஞ்ஞானிக்குக் காலநிலையில "ஆர்வம்" இருக்கு, அதனால ஒதுங்கணும்னு எதிரணி வாதம் பண்ணினா, அதை வாதம்னே எடுத்துக்க முடியாது.

நிபுணர்களை எப்படிக் கூட்டிக்கிட்டு வரணும்னு தெரிஞ்சவங்களும் இருக்காங்க. ஆர்என்ஏ பயாலஜிங்கிற ஆய்விதழ் 2008 கடைசியில ஒரு காரியம் பண்ணுச்சு. ஆர்என்ஏ குடும்பங்கள் பத்தி எங்க இதழ்ல ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு எழுதணும்னா, அதைப் பத்தி விக்கிபீடியாவுக்கும் ஒரு கட்டுரை எழுதிக் கொண்டாங்கன்னு விதி வெச்சாங்க. தான் ஆராய்ச்சி பண்ணினதைத் தானே எழுதறது! நம்ம நண்பர் கணக்குப்படி பார்த்தா அத்தனையும் நலமுரண். ஆனா அந்தக் கட்டுரைகளைச் சக ஆய்வாளர்கள் சரிபார்த்தாங்க, யார் எழுதினாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். முடிஞ்சுது ஜோலி.

இங்கிலீஷ்ல ஒரு நிபுணரைத் துரத்தினா இன்னொருத்தர் வருவார். நம்ம நிலைமை அப்படியா? தமிழ்ல உப்பளத்தைப் பத்தியும், தறியில பாவு ஓடறதைப் பத்தியும், தவில் தோலுக்கு வார் பிடிக்கிறதைப் பத்தியும் அச்சுல எத்தனை புத்தகம் இருக்கு? அந்த அறிவு செய்யறவன் கையில இருக்கு. செய்யறவன்தான் அதுல வயித்தைக் கழுவுறான். "பிழைப்பு இருக்கு, அதனால ஒதுங்கு"ன்னு சொன்னா, அப்புறம் எழுத யார் மிச்சம்? இந்தப் பிரச்சினையைத்தான் 2011-ல அசல் பிரபலா இந்தியாவுலயும் தென்னாப்பிரிக்காவுலயும் கையில எடுத்தார். அச்சுல இல்லாததை, தெரிஞ்சவங்க வாயாலேயே கேட்டு ஒலிப்பதிவு பண்ணி மேற்கோளா காட்டலாமான்னு மலையாளம், இந்தி, வடக்கு சோத்தோ மொழிகள்ல சோதிச்சுப் பார்த்தாங்க. விக்கிபீடியாவுல அதுக்குப் பெரிய வரவேற்பு இல்ல. அந்த யோசனையில ஓட்டைகள் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா கேள்வி அப்படியேதான் நிக்குது.

பெரியப்பா விஷயத்துல நீக்கினவர் என்ன பண்ணியிருக்கலாம்? நாலாவது வாக்கியத்தைத் தூக்கியிருக்கணும், சந்தேகமே இல்ல. (உற்பத்தியில குஜராத்துதான் முதல் இடம், பெரியப்பாகிட்ட இதைச் சொன்னா என்னை வீட்டுக்குள்ள விட மாட்டார்.) மீதி மூணுக்கும் "ஆதாரம் தேவை"ன்னு ஒரு குறி போட்டுட்டு, பவநகர்ல 1954-லேர்ந்து இயங்குற மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தோட வெளியீடு ஏதாவது கிடைக்குமான்னு ஒரு அரை மணி நேரம் தேடியிருக்கலாம். இல்லைன்னா "ஐயா, இதுக்கு ஏதாவது புத்தகம் தெரியுமா?"ன்னு உரையாடல் பக்கத்துல ஒரு வரி கேட்டிருக்கலாம். மனுஷன் மகிழ்ந்து போயிருப்பார், அலமாரியையே கவுத்துத் தேடியிருப்பார். வாக்கியத்தைப் பார்க்காம ஆளைப் பார்த்தா நீக்கறது சுலபம். இருபது நிமிஷம் கூட வேண்டாம்.

நான் உட்கார்ந்து ஆதாரம் தேடி, உரையாடல் பக்கத்துல போட்டு வெச்சிருக்கேன். மூணு வாரம் ஆச்சு, யாரும் எட்டிப் பார்க்கலை. கட்டுரையில இன்னிக்கும் கடல்நீர் முழுவதும் வத்திக்கிட்டுத்தான் இருக்கு. பெரியப்பாகிட்ட போன் பண்ணிச் சொன்னேன். "விடுல, பாத்தியில தண்ணி மாத்தணும், அப்புறம் பேசுதேன்"னு வெச்சுட்டார்.

டிஸ்கி: பெரியப்பா வருஷா வருஷம் எங்க வீட்டுக்கு ஒரு மூட்டை உப்பு அனுப்புவார், காசு வாங்க மாட்டார். இந்தப் பதிவைப் படிக்கிறப்போ அதையும் கணக்குல எடுத்துக்கோங்க. :-)